செல்ஃப் வீரமுத்து

கச்சிராயபாளையத்தில் வெள்ளிமலை பஸ் நிற்கிற இடத்துக்கு எதிரே, உரக்கடைக்கும் பரோட்டா கடைக்கும் நடுவில் தகரம் போட்ட மெக்கானிக் கடை ஒன்று இருக்கிறது. போர்டு கிடையாது. போர்டு எதற்கு? மலையிலிருந்து இறங்குகிற எந்த மோட்டார் சைக்கிள்காரனைக் கேட்டாலும் "செல்ஃப் வீரமுத்து கடை" என்று கை காட்டுவான். பட்டனை அமுக்கினால் வண்டி கிளம்புகிறதே, அந்த செல்ஃப் ஸ்டார்ட் விஷயத்தில் வீரமுத்து ஒரு தடவை கை வைத்துவிட்டால் அந்த வண்டி மறுபடி அதற்காகக் கடைக்கு வராது என்பது நெடுநாளைய பேச்சு. அப்பன் ஆத்தாள் வைத்த பேரைவிட அந்தப் பட்டப்பேர் அவனுக்கு நன்றாக ஒட்டிக்கொண்டது.

அந்த வீரமுத்துதான் இரண்டு வருஷமாக செல்ஃப் வேலையைத் தொடுவதில்லை. பஞ்சர் ஒட்டுவான், ஆயில் மாற்றுவான், செயின் இறுக்குவான். செல்ஃப் எடுக்கவில்லை என்று யாராவது வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தால், "சின்னசேலம் ரோட்டுல ஒருத்தன் பாக்கிறான், அங்க போ" என்று முகத்தைப் பார்க்காமல் சொல்லி அனுப்பிவிடுவான். ஊர் சும்மா இருக்குமா? "செல்ஃப் வீரமுத்து செல்ஃப் பாக்க மாட்டாராம். நாளைக்குப் பரோட்டா கடைக்காரரு பரோட்டா போட மாட்டேம்பாரு" என்று கிண்டல் பண்ணினார்கள். பேசுகிறவனுக்கு என்ன, காசா பணமா. காரணம் தெரிந்தவர்கள் கொஞ்சம் பேர்தான், அவர்கள் வாயைத் திறக்கவில்லை.

காரணம் ராஜேஷ்குமார்.

வெள்ளிமலைக்கு அந்தப் பக்கம் சாமையும் மரவள்ளியும் போடுகிற கண்ணுசாமியின் ஒரே மகன் அவன். கல்யாணமாகி ஒரு வருஷம்கூட ஆகவில்லை. மூன்று கை மாறி வந்த பழைய மோட்டார் சைக்கிள் ஒன்று வைத்திருந்தான். அதில் கிக்கர் பல் தேய்ந்து போய், மிதித்தால் வழுக்கும். அதைச் சரி பண்ண இன்ஜினைப் பிரிக்க வேண்டும். "அறுப்பு முடியட்டும்ணா, அப்பால பிரிச்சிக்கலாம்" என்று தள்ளிப் போட்டுக்கொண்டே வந்தான். ஆக, அந்த வண்டிக்கு செல்ஃபை விட்டால் வேறு கதியில்லை. அந்த செல்ஃபும் ஒருநாள் மக்கர் பண்ண, ஆயுத பூசைக்கு முன்னால் வீரமுத்துவிடம் கொண்டுவந்தான்.

ஆயுத பூசைக்கு முந்தின நாட்களில் மெக்கானிக் கடை எப்படி இருக்கும் என்று தெரிந்தவர்களுக்குத் தெரியும். மூச்சு விட நேரமில்லை. வீரமுத்து மோட்டாரைக் கழற்றி, அதற்குள்ளே தேய்ந்து போன கார்பன் கட்டையை மாற்றினான். பட்டனிலிருந்து, மோட்டாருக்குக் கரண்டைத் திறந்துவிடுகிற ரிலேவுக்கு வருகிற ஒல்லி வயர் ஓரிடத்தில் கருகியிருந்தது. அந்த இடத்தை வெட்டி எறிந்து, இரண்டு முனையையும் முறுக்கினான். ஈயம் வைத்துப் பற்றவைக்க வேண்டும், அதுதான் முறை. ஆனால் கரண்ட் போயிருந்தது. எப்போது வரும் என்று யாருக்கும் தெரியவில்லை. முறுக்கின இடத்தில் டேப்பை நாலு சுற்றுச் சுற்றி, "பூசை முடிஞ்சி வா தம்பி, ஈயம் வெச்சிக் குடுத்துடறேன்" என்றான். ராஜேஷ்குமார் பட்டனை அமுக்கிப் பார்த்தான். வண்டி சட்டென்று பிடித்துக்கொண்டது. சிரித்துக்கொண்டே மலை ஏறிப் போனான்.

பூசைக்கு மறுநாள் காலையில், பள்ளத்தில் இருக்கிற மரவள்ளிக் கொல்லைக்குத் தனியாகப் போனான். மலையில் எல்லா வீட்டிலும் வண்டியை இறக்கத்தைப் பார்த்துத்தான் நிறுத்துவார்கள். பேட்டரியை வீணாக்குவானேன் என்று அப்படியே உருட்டி, கியரைப் போட்டுக் கிளப்பிக்கொண்டு போவது வழக்கம். அன்றைக்கும் அப்படித்தான் போயிருக்கிறான். கொல்லையில் கண்ணாடி விரியன் காலில் போட்டுவிட்டது. வண்டிக்கு ஓடி வந்திருக்கிறான். பள்ளம். நாலு பக்கமும் மேடு. உருட்டிக் கிளப்ப இடமில்லை. போனில் டவர் இல்லை. ஆடு மேய்க்கிறவர்கள் மேலே பாதையில் அவனைப் பார்த்தபோது எல்லாம் முடிந்திருந்தது. கீழே போய்ப் பார்த்தவர்கள், வண்டியில் சாவி போட்டது போட்டபடி இருந்தது, நியூட்ரலின் பச்சை விளக்கு மட்டும் எரிந்துகொண்டிருந்தது என்றார்கள்.

வண்டி கிளம்பவில்லை. அதுதான் விஷயம். செய்தி கீழே வந்ததும் வீரமுத்துவின் கண் முன்னால் வந்து நின்றது அந்த முறுக்கின வயர்தான்.

சாவுக்குப் போனான். கூட்டத்துக்கு ஒதுக்கமாக நின்ற அந்த வண்டியைப் பார்த்தான். கண்ணுசாமியிடம் போய், "அண்ணா, நான் ஒருதரம் பாக்கட்டுமா?" என்று கேட்டான். கண்ணுசாமி அவனை ஏறிட்டுப் பார்த்தார். "இருக்கட்டும்" என்றார். அவ்வளவுதான். நீலத் தார்ப்பாய் ஒன்றைக் கொண்டுவந்து வண்டியை மூடிக் கயிறு கட்டிவிட்டார். திட்டியிருந்தால் தேவலை, நாலு அறை விட்டிருந்தால்கூடத் தேவலை. அந்த ஒரு சொல்லை வைத்துக்கொண்டு ஒரு மனுஷன் என்ன செய்வான்?

அதற்குப் பிறகுதான் ராஜேஷ்குமார் கடைக்கு வர ஆரம்பித்தான்.

பேயாவது பிசாசாவது, எல்லாம் மனப்பிராந்தி என்று சொல்லுகிறவர்கள் சொல்லிக்கொள்ளட்டும். அவர்கள் யாரும் அந்தக் கடையில் உச்சி வெயிலில் தனியாக உட்கார்ந்து பார்த்ததில்லை. பஸ் போய், தெரு ஓய்ந்து, தகரம் காய்ந்து சடசடக்கிற நேரத்தில் அவன் வருவான். மூலையில் அடுக்கியிருக்கிற பழைய டயர்களின் மேல் உட்காருவான். ஒரு கால் வீங்கியிருக்கும். எதுவும் கேட்க மாட்டான். வலது கைக் கட்டை விரலால் இல்லாத பட்டன் ஒன்றை அமுக்குவான். விடுவான். மறுபடியும் அமுக்குவான். வீரமுத்து தலையைக் குனிந்துகொண்டு பஞ்சர் ஒட்டுவான். சில நாள் சொல்யூஷன் டியூப்பெல்லாம் வழிந்துவிடும்.

ரோட்டில் யாராவது செல்ஃப் அமுக்கினால், வண்டி பிடிக்கிற வரைக்கும் இவனுக்கு மூச்சு நின்றுவிடும். வீட்டில் லைட் சுவிட்சைப் போடக்கூட மனைவி அமிர்தத்தைத்தான் கூப்பிடுவான். அவள் பாவம், என்னதான் செய்யவில்லை. மாரியம்மன் கோயில் பூசாரியிடம் மந்திரித்துக் கயிறு கட்டினாள். வேப்பிலை அடித்தாள். ஆடி மாதம் கூழ் ஊற்றினாள். "அந்தப் புள்ள பாம்பு கடிச்சித்தான் போச்சி, நீ இன்னா பண்ணே?" என்று எத்தனையோ தடவை சொன்னாள். வீரமுத்து காதில் அது ஏறாது. அவன் கையில் ஒரு வேலை அரைகுறையாகப் போனது அந்த ஒன்றுதான். அது போய் ஓர் உயிரைக் குடித்துவிட்டது என்று அவன் மனசு சத்தியம் பண்ணிக்கொண்டிருந்தது.

இப்படி இரண்டு வருஷம் ஓடியது. தை பிறந்து கொஞ்ச நாளில், சாமை மூட்டை ஏற்றிய குட்டி யானை வண்டி ஒன்று கடை முன்னால் வந்து நின்றது. மூட்டைகளுக்குப் பின்னால் நீலத் தார்ப்பாய் சுற்றிய எதுவோ கட்டியிருந்தது. அது என்னவென்று வீரமுத்துவுக்கு யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. முன் சீட்டில் கண்ணுசாமி உட்கார்ந்திருந்தார். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பின்னாலிருந்து மகேஸ்வரி இறங்கினாள். ராஜேஷ்குமாரின் பெண்சாதி. டிரைவரும் அவளுமாகப் பைக்கை இறக்கிக் கடைக்குள் தள்ளினார்கள். குட்டி யானை கள்ளக்குறிச்சி மண்டிக்குப் போய்விட்டது.

"அண்ணா, இத்தப் பாக்கணும்" என்றாள் மகேஸ்வரி.

"நான் செல்ஃப் பாக்கறது இல்லம்மா."

"தெரியும். அதான் இங்க வந்தேன்."

வீரமுத்து துணியில் கையைத் துடைத்துக்கொண்டே இருந்தான். கையில் அழுக்கே இல்லை.

"எனக்கு அங்கன்வாடியில வேலை கெடச்சிருக்குது. பஸ்ஸு போவாத ஊரு. வண்டி இல்லாம முடியாது" என்றாள் அவள்.

"இத்த வித்துட்டு வேற வாங்கிக்கோயேம்மா."

"விக்க மாட்டேன். அவரு எனக்கு வண்டி ஓட்டக் கத்துக் குடுத்ததே இதுலதான்." கயிற்றை அவிழ்த்துத் தார்ப்பாயை இழுத்துப் போட்டாள். பிறகு, குரலை ஏற்றாமல் சொன்னாள்: "அன்னிக்கு இது ஏன் கெளம்பலன்னு எனக்குத் தெரியணும்ணா. தெரியாம இனிமே என்னால முடியல. மாமா யாரையும் இதத் தொட வுட்டது இல்ல. அந்தத் தார்ப்பாய இன்னிக்குத்தான் அவுக்கறோம். நீ பாத்து, நீயே சொல்லு. வேற யாராச்சும் சொன்னா நான் நம்ப மாட்டேன்."

டயர் அடுக்கின் மேல் ராஜேஷ்குமார் வந்து உட்கார்ந்திருந்தான். உச்சி வேளைகூட ஆகவில்லை. மகேஸ்வரி அந்தப் பக்கமாகவே பார்த்துக்கொண்டு நின்றிருந்தாள். அவளுக்குத் தெரியவில்லை.

வீரமுத்து யோசித்தான். இன்றைக்கு இல்லாவிட்டால் என்றைக்கு? தன் ஜாயின்ட்தான் விட்டுப் போயிருக்கிறது என்று தெரிந்தால் அதை அவள் முகத்தைப் பார்த்துச் சொல்லிவிடுவது, அப்புறம் அவள் என்ன செய்தாலும் வாங்கிக்கொள்வது என்று முடிவு பண்ணினான். ஸ்பேனர் பெட்டியை இழுத்தான்.

செத்துக் கிடந்த பழைய பேட்டரியைக் கழற்றிவிட்டுக் கடைப் பேட்டரியை மாட்டினான். சாவியைத் திருப்பினான். பச்சை விளக்கு எரிந்தது. மகேஸ்வரி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். ஹாரன் அடித்துப் பார்த்தான், அடித்தது. அப்புறம் செல்ஃப் பட்டனில் கட்டை விரலை வைத்தான். இரண்டு வருஷத்துக்குப் பிறகு. அமுக்கினான்.

ஒரு சத்தமும் இல்லை.

செல்ஃபில் கோளாறு என்றால் அது பல மாதிரி பேசும். ரிலே 'டிக்' என்று அடித்து மோட்டார் சுற்றாவிட்டால் ஒரு அர்த்தம். மோட்டார் முனகினால் இன்னொரு அர்த்தம். இது வாயே திறக்கவில்லை. ரிலே வரைக்கும் கரண்ட் வரவில்லை என்றுதான் அதற்கு அர்த்தம். அந்த வழியில்தான் அவன் முறுக்கின வயர் இருக்கிறது.

சட்டென்று அங்கே போக அவனுக்குத் தைரியம் வரவில்லை. சுற்றி வளைத்துக்கொண்டு போனான். முதலில் ரிலேவின் இரண்டு பெரிய போல்ட்டுக்கும் குறுக்கே ஸ்குரூ டிரைவரை வைத்தான். பொறி பறந்தது. மோட்டார் 'கிர்ர்' என்று சுற்றியது. ஆக மோட்டார் நன்றாக இருக்கிறது, அவன் போட்ட கார்பன் நன்றாக இருக்கிறது. ரிலேவுக்குத் தனியாக வயர் பிடித்துக் கரண்ட் கொடுத்தான். 'டிக்' என்றது. ரிலேவும் உயிரோடுதான் இருக்கிறது. இனி மிச்சம் அந்த ஒல்லி வயர். சீட்டுக்கு அடியில் கையை விட்டு அதை வெளியே இழுத்தான். அவன் சுற்றின டேப் அப்படியே இருந்தது. இன்னொருத்தர் கை பட்டிருக்கவில்லை.

டயர் மேல் உட்கார்ந்திருந்தவன் எழுந்து பக்கத்தில் வந்து நின்றான்.

வீரமுத்து டேப்பைப் பிரித்தான். முறுக்குத் தெரிந்தது. பச்சை பிடிக்கவில்லை, கருகவில்லை. இரண்டு பக்கமும் பிடித்து இழுத்துப் பார்த்தான். அசையவில்லை. இருந்தாலும் கண்ணை நம்ப முடியாது. பழைய இண்டிகேட்டர் பல்பில் இரண்டு வயர் வைத்து அவனே செய்துகொண்ட டெஸ்ட் லைட்டை எடுத்தான். ஒரு முனையை வண்டி பாடியில் வைத்து, இன்னொரு முனையை ஜாயின்ட்டுக்கு முன்னால், பட்டனிலிருந்து வருகிற பக்கத்தில் வைத்தான்.

"பட்டன அமுக்கும்மா" என்றான்.

மகேஸ்வரி அமுக்கினாள். பல்பு எரியவில்லை.

"அமுக்கிக்கினே இரு."

எரியவில்லை. ஜாயின்ட்டுக்கு முன்னாலேயே கரண்ட் இல்லை. இல்லாத கரண்ட்டை இவன் ஜாயின்ட் எப்படி நிறுத்தும்? பல்பு பியூஸாகியிருக்குமோ என்று அதை நேராகப் பேட்டரியில் வைத்துப் பார்த்தான். பளிச்சென்று எரிந்தது. மறுபடி ஜாயின்ட்டுக்கு வந்தான். மறுபடி பட்டனை அமுக்கச் சொன்னான். எரியவில்லை. கோளாறு மேலே, பட்டனில் இருக்கிறது.

ஹேண்டில்பாரின் வலது கைப் பக்கம் போய், சுவிட்சுப் பெட்டியின் இரண்டு ஸ்குரூவையும் கழற்றினான். பெட்டி இரண்டாகப் பிரிந்தது. பட்டனுக்கு அடியில் இரண்டு சின்னச் செம்புத் தகடுகள் இருக்கும். அமுக்கினால் ஒன்றை ஒன்று தொட வேண்டும். அந்த இரண்டுக்கும் நடுவில் மஞ்சளாக எதுவோ அப்பிக் கிடந்தது. நகத்தால் சுரண்டினான். கெட்டியாக இருந்தது. மூக்கருகில் கொண்டுபோனான்.

சந்தனம். நடுவில் சிவப்பாகக் குங்குமம்.

பூசையன்றைக்கு வண்டியைக் கழுவி, ஹெட்லைட்டுக்கும் டாங்கிக்கும் டயருக்கும் பொட்டு வைப்பார்கள். யார் வைக்கவில்லை? எல்லா வீட்டிலும்தான் வைக்கிறார்கள். இங்கே பட்டன் மேலேயும் வைத்திருக்கிறார்கள். தண்ணீர் விட்டுக் குழைத்த சந்தனம், தாராளமாக வைத்திருக்கிறார்கள். அது இடுக்கு வழியாக உள்ளே இறங்கி, இரவெல்லாம் இருந்து இறுகிவிட்டது. மறுநாள் காலையில் அவன் வண்டியை உருட்டித்தானே கிளப்பினான், பட்டனைத் தொட்டிருக்க மாட்டான். அதற்கு வேலை வந்ததே பள்ளத்துக் கொல்லையில்தான். மேலே இருந்த மிச்சச் சந்தனமும் அமுக்க அமுக்க உள்ளே போய்ச் செம்மையாக அடைத்துக்கொண்டிருக்கிறது. பட்டனின் வெளிப்பக்கம் நடுவில் மட்டும் துடைத்தெடுத்த மாதிரி, ஒரு கட்டை விரல் அகலத்துக்குச் சுத்தமாக இருந்தது.

வீரமுத்து திரும்பிப் பார்த்தான். பக்கத்தில் யாரும் இல்லை. டயர் அடுக்கின் மேலும் யாரும் இல்லை.

நான் இல்லை. அவனுக்குள்ளே எழும்பிய முதல் நினைப்பு அதுதான். நான் இல்லை, என் கை இல்லை, என் வயர் இல்லை. தெருவில் ஓடிப் போய்க் கத்த வேண்டும்போல இருந்தது. பரோட்டா கடைக்காரனைக் கட்டிப் பிடித்துக்கொள்ள வேண்டும்போல இருந்தது. இரண்டு வருஷம் கழித்து அவனுக்கு மூச்சு நெஞ்சுக்குள் முழுசாக இறங்கியது. சந்தோஷம் என்றால் அப்படியொரு சந்தோஷம், அதை ஒளித்து என்ன ஆகப் போகிறது.

அப்போது மகேஸ்வரி கேட்டாள்: "இன்னாண்ணா, கண்டுபுடிச்சிட்டியா?"

அந்த வீட்டில் பூசை வேலையெல்லாம் யார் செய்திருப்பார்கள்? கண்ணுசாமிக்குப் பெண்சாதி இல்லை. மகளும் இல்லை. புதுசாக வந்த மருமகள் ஒருத்திதான். வீரமுத்துவின் சந்தோஷம் இருந்த இடம் தெரியாமல் போயிற்று. சுவிட்சைத் துணிக்குள் வைத்துச் சுருட்டினான்.

"கண்டுபுடிச்சிட்டேம்மா. அப்பால சொல்றேன். நீ போய் டீ குடிச்சிட்டு வா, முகமே வாடிக் கெடக்குது."

"நீ சொல்லு மொதல்ல."

"வேலைய முடிச்சிக்கறேம்மா. போ, எனக்கும் ஒண்ணு வாங்கிக்கினு வா."

அவள் போனதும் பெட்டியில் தேடி அதே மாதிரி சுவிட்சு ஒன்றை எடுத்து மாட்டினான். முறுக்கின வயருக்கு ஈயம் வைத்தான். அன்றைக்குக் கரண்ட் இருந்தது. பழைய பெட்ரோலை இறக்கி, கார்புரேட்டரைக் கழுவி, புதுசாக ஊற்றினான். ராஜேஷ்குமார் பிரிக்கச் சொல்லாமல் போன கிக்கரை என்ன செய்வது என்று ஒரு நிமிஷம் நின்றான், இன்ஜினைப் பிரிக்க இன்றைக்கு நேரமில்லை என்று விட்டான். கை வேலை பார்த்துக்கொண்டிருந்தது, மனசு அவளிடம் என்ன சொல்வது என்று தவித்துக்கொண்டிருந்தது. ரிலே என்று சொல்லலாம். எலி வயரைக் கடித்துவிட்டது என்று சொல்லலாம். வண்டிக்குள் இருக்கிற நூறு சாமானில் ஏதாவது ஒன்றின் பேரைச் சொன்னால் அவளுக்கு என்ன தெரியப் போகிறது.

பஸ் நிற்கிற இடத்தில் வெகு நேரம் உட்கார்ந்திருந்துவிட்டு டீயோடு வந்தவள் புதுப் பட்டனைப் பார்த்தாள். "இத்த மாத்திட்டியா?"

"பழசு தேஞ்சி பூட்ச்சிம்மா."

"அந்தப் பழசக் குடுண்ணா."

"அது எதுக்கு உனக்கு? குப்பை."

"அவரு கடைசியாத் தொட்டது அதுதான். நான் வெச்சிக்கறேன்."

வீரமுத்து பெஞ்சுப் பக்கம் திரும்பாமல் நின்றான். "எங்கியோ போட்டுட்டேம்மா" என்று இழுத்தான். பொய் சொல்லத் தெரிந்த முகம் இல்லை அது. அவள் கண் பெஞ்சு மேல் சுருட்டிக் கிடந்த துணிக்குப் போனது. அவன் கை நீட்டுவதற்குள் எடுத்துப் பிரித்துவிட்டாள்.

பார்த்துக்கொண்டே நின்றாள். பட்டனைத் திருப்பிப் பார்த்தாள். தகட்டுக்கு நடுவில் இருந்ததை விரலால் தொட்டாள். டீ கிளாஸ் கையில் சாய்ந்து கொட்டியது, அது அவளுக்குத் தெரியவில்லை.

"செல்ஃபு புதுசா ரிப்பேர் பண்ணிக்கினு வந்திருக்கேன்னு அவ்ளோ சந்தோசமாச் சொன்னாரு" என்றாள். "அதான் மொதப் பொட்டே அதுக்கு வெச்சேன். நல்லாப் பெருசா வெச்சேன்."

"எல்லாரும்தாம்மா வெக்கிறோம். நானும்தான் ஸ்பேனர்ல இருந்து காத்து அடிக்கிற மிசின் வரைக்கும் வெக்கிறேன். எங்க வெக்கக் கூடாதுன்னு வண்டி குடுக்கறவன் நான்தான் சொல்லியிருக்கணும். சொல்லல. யாருக்குத் தோணும் இப்பிடி ஆவும்னு?"

அவள் கேட்டதாகவே தெரியவில்லை. அழவும் இல்லை. அழுதிருந்தால் வீரமுத்துவுக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். அந்தச் சுவிட்சை முந்தானையில் முடிந்து இடுப்பில் செருகிக்கொண்டாள். அப்போது வாசலில் குட்டி யானை வந்து நின்றது.

மூட்டையெல்லாம் இறக்கிவிட்டுக் கண்ணுசாமி திரும்பியிருந்தார். இந்தத் தடவை இறங்கிக் கடைக்குள் வந்தார். இரண்டு வருஷத்தில் ஆள் பாதியாகியிருந்தார். பைக்கைப் பார்த்தார், அப்புறம் வீரமுத்துவைப் பார்த்தார்.

"இன்னாப்பா கோளாறு?" என்று கேட்டார்.

இரண்டு வருஷமாக அவர் கேட்காத கேள்வி. வீரமுத்து எத்தனையோ பகலும் இரவும் அவர் கேட்பதாக நினைத்து, பதிலைத் தேடித் தேடிச் செத்துக்கொண்டிருந்த கேள்வி. இன்றைக்குத்தான் அவனிடம் பதில் இருந்தது. சுத்தமான, சாட்சியோடு கூடிய பதில். சாட்சி மூன்றடி தள்ளி, உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றது. கண்ணுசாமிக்கு இருக்கிற மிச்ச சொந்தம் அவள்தான். அவளுக்கும் அந்த வீட்டை விட்டால் வேறு வீடு இல்லை.

"மாமா..." என்று மகேஸ்வரி வாயைத் திறந்தாள்.

"என் ஜாயின்ட்டுதாண்ணா" என்றான் வீரமுத்து. "அன்னிக்குக் கரண்ட் இல்ல. முறுக்கி டேப் சுத்திக் குடுத்துட்டேன். அதான் வுட்டுப் பூட்ச்சி. என் கைதான்."

பரோட்டா கடையில் கல்லைத் தட்டுகிற சத்தம் கேட்டது.

"அப்பிடித்தான் நானும் நெனச்சேன்" என்றார் கண்ணுசாமி. கோபமாகச் சொல்லவில்லை. களைத்துப் போய்ச் சொன்னார். "சாவன்னிக்கே கேட்டிருப்பேன். கேட்டு நீ ஆமான்னுட்டா, உன்ன இன்னா செய்வேனோன்னு எனக்கே பயமா இருந்திச்சி. அதான் மூடி வெச்சிட்டேன்." தோள் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். "இனிமே எங்க ஊரு வண்டி எதுவும் உன்கிட்ட வராதுப்பா."

"செரிண்ணா."

மகேஸ்வரி வீரமுத்துவையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் மறுபடி வாயைத் திறப்பதற்குள், "பெட்ரோல் கம்மியாத்தான் ஊத்தியிருக்கேன், போற வழியில போட்டுக்கோம்மா" என்று வண்டியை வெளியே தள்ளி நிறுத்தினான். அவள் ஏறி உட்கார்ந்தாள். சாவியைத் திருப்பினாள். கட்டை விரல் பட்டனுக்குப் பக்கத்தில் போய் நின்றது. அங்கேயே நின்றது. கண்ணுசாமி பார்க்கிறார் என்று தெரிந்து கண்ணை மூடிக்கொண்டு அமுக்கினாள். முதல் அமுக்கிலேயே வண்டி பிடித்துக்கொண்டது. மகனுடைய வண்டிச் சத்தத்தைக் கேட்டதும் கண்ணுசாமி உரக்கடைப் படியில் உட்கார்ந்துவிட்டார். அவரைக் கைத்தாங்கலாகத் தூக்கிக் குட்டி யானையில் ஏற்றினார்கள். அவள் பைக்கில் பின்னாலேயே போனாள்.

அன்றைக்கு அமிர்தம் கேட்காமல் விடுவாளா? வண்டி வந்த செய்தி பரோட்டா கடை வழியாக வீட்டுக்குப் போயிருந்தது. சோற்றைப் போட்டுவிட்டு எதிரே உட்கார்ந்தாள்.

"இன்னாதான் கோளாறு அதுல?"

வீரமுத்து அவளைப் பார்த்தான். இவனுக்காகக் கோயில் கோயிலாகப் போனவள். இவளிடம் மட்டுமாவது சொல்லிவிடலாமா என்று ஒரு கணம் தோன்றியது. ஒரு வாய்க்குத் தெரிந்தால் மலைக்குப் போய்ச் சேர எத்தனை நாள் ஆகும் என்று நினைத்தான்.

"என் ஜாயின்ட்டுதான்" என்றான்.

அமிர்தத்தின் கண்ணில் பொலபொலவென்று தண்ணீர் கொட்டியது. "அப்போ அந்தப் புள்ள இன்னும் வந்துக்கினேதான் இருப்பானா?"

"இல்ல. இனிமே இங்க வர மாட்டான்."

"பின்ன எங்க போவான்?"

வீரமுத்து தட்டிலேயே கையைக் கழுவிவிட்டு எழுந்தான். வெளியே வந்து, மகேஸ்வரி ஏறிப் போன மலைப் பக்கம் பார்த்துக்கொண்டு நின்றான்.